மட்டிக்கு மழைக்கழிவு

நன்னீர் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசி முடிந்ததும் சால்வை போடுவார்களாம். நல்லவேளை, சால்வை கடைசியில்தான். கழுத்தில் சால்வை விழுந்த பிறகு மனுசருக்கு நன்றி சொல்ல மட்டும்தான் வாய் வரும். நான் சொல்ல வந்தது வேறு.

மட்டிச் சிப்பியின் ஓட்டை எப்படி அளப்பது, ஒட்சிசன் மானியை எப்படிக் கழுவுவது, சுவாச வீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. அதில் பாதியை நான்தான் எழுதினேன். அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, அது போகட்டும். கைநூலில் போட விடாமல் தடுத்த ஒரு சங்கதி உண்டு. அதைச் சொல்லிவிட்டு நான் ஹட்டனுக்கு பஸ் ஏறவேண்டும். மூடுபனி இறங்கினால் அந்த பஸ் டிரைவர் சாமி கும்பிட்டுக்கொண்டேதான் ஓட்டுவார்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். தேயிலை மட்டும் போதாது, வேறு வருமானமும் வேண்டும் என்று அந்தத் தோட்டக் கம்பெனிக்கு கொழும்பில் யாரோ படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். முதலில் காளான் வளர்த்தார்கள், அழுகியது. அடுத்து உல்லாசப் பயணிகளுக்குக் குடில் கட்டினார்கள். வந்த வெள்ளைக்காரரை முதல் நாளே அட்டை கடித்து, அவர் படத்தோடு இணையத்தில் எழுதிவிட்டுப் போனார். மூன்றாவதுதான் மட்டி. பழைய தேயிலை ஃபெக்டரிக்குத் தண்ணீர் தேக்கிய குளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் நன்னீர் மட்டி வளர்ப்பது, ஓட்டை இடித்துக் கோழித்தீனுக்குக் கொடுப்பது, சதையை மீன் பண்ணைகளுக்கு விற்பது என்று திட்டம். குஞ்சு மட்டியும் அறிவும் எங்கள் நிலையத்தின் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட அன்று எடுத்த படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், மட்டி மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

குளத்து வேலைக்கு ஆறு பெண்களைப் போட்டார்கள். மலை ஏறிக் கொழுந்து எடுக்க உடம்பு விடாதவர்கள். அவர்களில் ஒருவர் பரமேஸ்வரியக்கா. ஒரு மழை நாளில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்து முழங்கால் போனவர். இனி மலை ஏறினால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலையை விடவும் முடியாது. வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் குடியிருக்கும் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, நிலைக்கும். வேலை செய்த நாளுக்கு ஒரு பேர் என்பது அங்கே கணக்கு. புருசன் இல்லை, மகள் உயர்தரம் படிக்கிறாள். ஆக, குளம் இருந்தால் அக்காவுக்குக் கால் இருக்கும். குளம் மூடினால் மலை. விஷயம் அவ்வளவுதான், மறந்துவிடாதீர்கள். நான் இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அந்த முழங்காலைச் சுற்றித்தான்.

தோட்டத்தை நடத்தும் துரை கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எதையும் நிறுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது, அது ஒன்றுதான் குறை. கொழுந்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று நோம் இருப்பதுபோல் மட்டிக்கும் நோம் வைத்தார். வாரா வாரம் கூடைக் கூடையாக நிறுக்கவேண்டும், எடை ஏறவேண்டும். ஏறாவிட்டால் குளத்தை மூடவேண்டும்.

"மிஸ், கொழுந்து ஏழு நாள்ல வருது. ஒங்க மட்டிக்கு என்னா சொகுசு?" என்று என்னிடமே கேட்டார். துரை சிங்களவர். ஆனால் தோட்டத் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார், அதட்டும்போது அதைவிட நன்றாக.

"சேர், இங்க தண்ணி குளிரு. குளிர்ல மட்டி மெதுவாத்தான் மூச்சு விடும், மெதுவாத்தான் வளரும்" என்றேன்.

"குளிர்ல நாங்களும்தான் வேலை செய்றோம்" என்றார். அவர் மேல் இரண்டு கம்பளிச் சட்டை இருந்தது.

மட்டியைக் குளத்தில் விட்டபோது நாங்களே எடை போட்டுத்தான் விட்டோம். அடுத்த வாரம் தோட்டத்துத் தராசில் போட்டால் எடை கொஞ்சம் குறைவு. சரி, இடம் மாறியது, பயணக் களைப்பு என்று எழுதினோம். பிறகு கொஞ்சம் ஏறியது. மழை தொடங்கியதும் மறுபடி இறங்கியது. மழை வலுக்க வலுக்க மட்டி மெலிந்துகொண்டே போனது. கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வெள்ளிக்கிழமை வருகிறார், அன்றைக்கே குளத்தை மூடும் முடிவு என்று துரை நிலையத்துக்குத் தகவல் அனுப்பினார்.

எங்கள் நிலையத் தலைவரை எல்லோரும் டொக்டர் என்போம். ஊசி போடும் டொக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம். அந்தக் கீழே இறங்கும் கோட்டைப் பார்த்ததும் அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மழைக்கும் எடைக்கும் இத்தனை அழகான தொடர்பு அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. 'பருவமழைச் சுவாச அழுத்தம்' என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். மழை பெய்தால் சேறு வருகிறது, சேற்றால் மட்டி வாயை மூடுகிறது, மூடினால் மூச்சு விடாது, மூச்சு விடாதது தின்னாது, தின்னாதது மெலியும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாநாட்டுக்குப் படம் கூட வரையத் தொடங்கிவிட்டார்.

"நீங்க போய் மூச்சை மட்டும் அளந்து கொண்டு வாங்க. கொறைஞ்சிருக்கும். வந்ததும் இதுல போட்டுடுவோம்" என்றார்.

கொறைஞ்சிருக்கும் என்று அளப்பதற்கு முன்பே சொன்னார். பிள்ளைகளே, இந்த வார்த்தையை எந்தப் பெரியவர் சொன்னாலும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, காதில் விழாதவர்களாகப் போய் அளந்து பாருங்கள்.

நிலையத்தில் மூச்சு அளக்கும் கண்ணாடி ஜாடிகள் அப்போது திருத்தத்துக்குப் போயிருந்தன. போனவை இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். பூண்டுலோயா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானாவிடம் போய் மூடி இறுக்கமான டொபி மிட்டாய்ப் போத்தல்கள் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"உசிரோட உள்ள போட்டு மூடினா அது மௌத்தாகிடாதா, மிஸ்?" என்றார்.

"மூடி கொஞ்ச நேரந்தான் நானா. தண்ணியில இருக்கிற ஒட்சிசன் எவ்வளவு கொறையுதுன்னு பாத்துட்டுத் தொறந்துருவேன்."

"அரசாங்கம் இதுக்கும் ஆள் வெச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டே துடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மட்டி பாவமாம்.

குளக்கரையில் போத்தல்களை வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் குளத்துத் தண்ணீர், ஒவ்வொரு மட்டி. கடைசிப் போத்தலில் தண்ணீர் மட்டும். மட்டியை உள்ளே விட்டதும் மூடக்கூடாது. தூக்கிய கோபத்தில் அது ஓட்டை இறுக்கிக்கொண்டிருக்கும், அந்த நேரம் அளந்தால் செத்தது மாதிரி இருக்கும். ஓடு விரிந்து, நுனியில் அந்தச் சின்ன வாய் இரண்டும் வெளியே வரும்வரை சும்மா உட்காரவேண்டும். நம் தொழிலில் பாதி இந்தச் சும்மா உட்காருவதுதான், அதற்குப் படி போடமாட்டார்கள். பரமேஸ்வரியக்கா காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவியபடி போத்தல்களைப் பார்த்தார்.

"மிஸ், கடேசி போத்தல்ல மட்டி போட மறந்துட்டீங்க."

"மறக்கலக்கா. அது வெறும் போத்தல். தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் இருக்கு, அதுவும் மூச்சு விடும். அது எவ்வளவு தின்னுதுன்னு தனியா அளந்து, அத மட்டும் கழிச்சாத்தான் மட்டியோட மூச்சு சரியா வரும்."

"குத்துமதிப்பா ஒண்ண கழிச்சிட்டா என்னா?"

"மட்டி மேல பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."

அவர் வெறும் போத்தலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குளம் மூடும் கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அளவு வந்தது. மட்டிகள் அருமையாக மூச்சு விட்டன. இந்தக் குளிருக்கு இதைவிட எதிர்பார்க்க முடியாது. ஓட்டின் நீளத்தையும் அளந்தேன். விட்ட நாளைவிட எல்லாம் நீண்டிருந்தன, விளிம்பில் புது வளர்ச்சி வெளிறித் தெரிந்தது. மூச்சும் நன்று, நீளமும் நன்று, எடை மட்டும் குறைகிறது. மட்டி உள்ளே வெறும் ஓடாக இருக்கிறதா என்று ஒன்றைத் திறந்தும் பார்த்தேன். கொழுத்த சதை.

டொக்டருக்குப் போன் போட்டேன்.

"மூச்சு கொறையல, டொக்டர்."

"உங்க மானி பழசு. இன்னொருக்கா அளந்து பாருங்க."

"மூணு தரம் அளந்தாச்சு."

"அப்போ மூச்சு அளவை விட்ருவோம். எடை மட்டும் போதும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. குளத்தை மூடுறதுதான் விஞ்ஞானரீதியா சரி."

நான் போடவில்லை. இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு எரிச்சல். மேசைக்குப் பின்னால் இருக்கும் மனுசருக்கு மூச்சு வேண்டாதபோது வேண்டாம், வேண்டும்போது வேண்டும். இரண்டு அளவு ஒன்றுக்கொன்று சண்டை போட்டால், பிடிக்காததைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டும் பிறந்த இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். மூச்சு பிறந்த இடத்தில் நான் இருந்தேன். எடை பிறந்த இடத்துக்கு எங்கள் நிலையத்திலிருந்து ஒருவர்கூடப் போனதில்லை. அது வாட்ஸ்அப்பில் பிறந்து வந்தது என்றே எல்லோரும் நம்பியிருந்தோம்.

நிறுக்கும் நாள் வந்தது. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் அதே கணக்கப்பிள்ளைதான் மட்டிக்கும் வந்தார். கையில் அதே டிஜிட்டல் தராசு, மேலே அதே குடை. பெண்கள் கூடையிலிருந்து மட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொக்கியில் மாட்டினார்கள். நான் குளக்கட்டில் நின்றேன். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"பதினாறு. கழிவு நாலு. பன்னெண்டு."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அடுத்த சாக்கு.

"பதினேழு. கழிவு நாலு. பதிமூணு."

"ஐயா, நில்லுங்க" என்றேன். "என்னா கழிவு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவர்களுக்கு இது தெரியாதது அவருக்குப் புதிதில்லை. "சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, மழைக்கு ரெண்டு மிஸ். மழ வலுத்தா இன்னும் கூடும், வெயில் நாள்னா ரெண்டோட விட்ருவேன்."

"மட்டி தண்ணிக்குள்ளதானே ஐயா இருக்கு? அதுக்கு எதுக்கு மழைக்கழிவு?"

"அதான் மிஸ் நானும் சொல்றேன். கொழுந்து மேல மழதான் பெய்யும், இது முழுசா முங்கியே கெடக்குது. நியாயமா பாத்தா இன்னும் கூட கழிக்கணும். நான்தான் பாவம்னு விட்டு வெச்சிருக்கேன்."

அவர் திருடவில்லை, பிள்ளைகளே. மறைக்கவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தராசில் ஏறும் எதிலும் கழித்துத்தான் பழக்கம். கொழுந்து ஏறியது, கழித்தார். மட்டி ஏறியது, கழித்தார். அவரைத் தூக்கித் தராசில் மாட்டினால் தன் எடையிலும் மழைக்கு இரண்டு கழித்திருப்பார். பருவமழைச் சுவாச அழுத்தம் என்று டொக்டர் பெயர் வைத்தது கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பெண்களைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க ஏன் யாருமே சொல்லல?"

"என்னாத்த சொல்றது மிஸ்?" என்றார் ஒருவர். "தராசுன்னா கழிக்கும்தானே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பரமேஸ்வரியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குளக்கரையில் கூடாரம் போட்டார்கள். கம்பெனிப் பெரியவர் நடுவில், ஒரு பக்கம் துரை, மறுபக்கம் டொக்டர். கணக்கப்பிள்ளை தராசோடு. அந்த ஆறு பெண்களையும் சுத்தமான சேலையில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். நான் மூச்சளவைச் சொன்னேன், நீளத்தைச் சொன்னேன், கழிவைச் சொன்னேன். கழித்ததைத் திருப்பிக் கூட்டினால் மட்டி வாரா வாரம் வளர்ந்திருக்கிறது என்றேன். அடிக்கடி தூக்கி நிறுப்பதைக் குறைத்தால் இன்னும் நன்றாக வளரும் என்றும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தரம் தூக்கும்போதும் அவை வாயை மூடி, மூச்சையும் தீனியையும் நிறுத்துகின்றன.

நான் முடிப்பதற்குள் டொக்டர் எழும்பினார். "இது எங்கள் நிலையத்தின் நுணுக்கமான அவதானிப்பு" என்றார். தான் பெயர் வைத்த அழுத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெரியவர் நல்ல மனுசர் போலத்தான் தெரிந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தை மாற்றி, கொஞ்சம் உருக்கமாகவே பேசினார். அவர் சிங்களத்தில் பேச, துரை தமிழில் சொன்னார்: மட்டி ஒரு உயிர். வாயில்லாதது. அது வளர்ந்ததை அதுகிட்டேருந்து கழிக்கிறது பாவம். இன்னையிலேருந்து மட்டிக்குக் கழிவு கெடையாது. குளமும் மூடப்படாது. எல்லோரும் கைதட்டினார்கள். கணக்கப்பிள்ளையும் தட்டினார்.

பரமேஸ்வரியக்கா தட்டவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், பிள்ளைகளே. குளம் அவருக்கு, கால் அவருக்கு. நானே மனசுக்குள் 'அக்கா, வேணாம்' என்றுதான் சொன்னேன். அவர் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, ஒரு வார்த்த. மிஸ் மட்டி மூச்ச அளக்குறப்ப வெறும் போத்தலயும் அளந்துட்டு, அதுல வந்தத மட்டுந்தான் கழிச்சாங்க. நான் கூடவே இருந்து பாத்தேன். மலையில எங்க கொழுந்துல கழிச்சு சம்பளத்த கொறைக்கிறீங்களே, வெறும் சாக்க எப்பயாச்சும் நிறுத்துப் பாத்திருக்கீங்களா?"

துரை அவசரமாக எழும்பினார்.

"பரமேஸ்வரி, இது மட்டி மீட்டிங்" என்றார் துரை.

"மட்டிக்கு வாயில்லன்னு ஐயா சொன்னாரு. எனக்கு இருக்குங்களே."

பெரியவர் என்ன என்று கேட்டார். துரை மொழிபெயர்த்ததில் பாதி காணாமல் போயிருந்தது, ஆனால் பெரியவருக்குத் தமிழ் கொஞ்சம் புரிந்திருக்கவேண்டும். டொக்டரைப் பார்த்தார், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பது போல. டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "கொழுந்து தாவரம். எங்கள் துறை விலங்குகள்" என்றார்.

ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் பாக்கி, அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்று புத்தி சொன்னது. "தராசு இங்கயேதான் தொங்குது, சேர்" என்றேன். ஒரு கொழுந்துச் சாக்கை எடுத்துக் குளத்தில் முக்கி, சொட்டச் சொட்டக் கொக்கியில் மாட்டினேன். முழுசாக நனைந்த சாக்கு ஒரு கிலோவைத் தொடவில்லை. எண் பெரிய எழுத்தில் சிவப்பாக எரிந்தது. கணக்கப்பிள்ளை பழக்கத்தில் கத்தப் போய், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"சாக்கு சரி" என்றார் துரை. "கொழுந்துல இருக்கிற தண்ணி?"

"அதையும் அளக்கலாம் சேர். காஞ்ச கொழுந்த நிறுத்து, நனைச்சு, மறுபடி நிறுத்தா தெரிஞ்சிரும். நான் இப்பவே செய்யவா?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். நல்ல கேள்வி என்றும் சொன்னார். நல்ல கேள்வி என்று பெரியவர்கள் சொன்னால் பதில் வராது என்று அர்த்தம். ஆராய ஒரு குழு போடலாம் என்றார். குழுவுக்குத் தலைவர் துரை, செயலாளர் கணக்கப்பிள்ளை, விஞ்ஞான ஆலோசகர் டொக்டர். பிறகு எல்லோரும் பங்களாவுக்குச் சாப்பிடப் போனார்கள்.

திங்கட்கிழமை போத்தல்களை எடுத்துப் போக நான் மறுபடி போனேன். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது பரமேஸ்வரியக்காவின் பேர் குளத்தில் இல்லை, மலையில் இருந்தது. காரணம் கேட்டேன். துரை என்னுடைய அறிக்கையைக் காட்டினார். "அடிக்கடி நிறுக்க வேணாம்னு மிஸ்தானே எழுதினது? அப்ப குளத்துல ஆள் கொறைக்கலாம்தானே?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவரை அடித்திருப்பேன், கையில் இருந்த குடை சின்னது.

"காலு போயிரும் சேர். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த துண்டு இருக்கு" என்றேன்.

"கால் இருக்கிறவங்கதானே முன்னால வந்து பேசினது" என்றார்.

அக்காவைத் தேடிப் போனேன். அவர் கம்பொன்றை ஊன்றிக்கொண்டு, சாக்கைத் தலையில் மாட்டி, பாதையில் பக்கவாட்டாக ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்றார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் நின்றேன், சும்மா போக மனசு வரவில்லை. துரையும் வந்து நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல போனைத் தட்டிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். பரமேஸ்வரியக்கா கடைசியாக வருவார் என்று பார்த்தால், மற்றவர்கள் ஒதுங்கி அவரை முன்னால் விட்டார்கள். முகம் வெளிறியிருந்தது, முழங்காலில் துணி கட்டியிருந்தார். சாக்கில் கொழுந்து கொஞ்சம்தான்.

தராசுக்கு வந்ததும் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து விரித்து, கொழுந்தை அதில் கொட்டினார். வெறும் சாக்கை உதறி, ஈரத்தோடு கொக்கியில் மாட்டினார்.

"என்னா இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"வெறும் சாக்கு. மொதல்ல இத நிறுங்க."

கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்தார். துரை போனைக் காதில் வைத்தார், எதிர்ப் பக்கம் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவை மலைக்கு அனுப்பினால் அடங்குவார் என்று நினைத்தவர்கள் தராசு இருக்கும் இடத்துக்கே அனுப்பி வைத்துவிட்டார்கள். அது துரைக்கு அப்போதுதான் உறைத்தது.

"அறுநூறு கிராம்" என்றார் கணக்கப்பிள்ளை, வாய்க்குள்ளே.

"எப்பயும் சத்தமாத்தானேங்கய்யா சொல்லுவீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "சாக்கு அறுநூறு கிராம்" என்று கத்தினார். மடுவத்து ஓரத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கொழுந்தை அள்ளிப் போட்டார். நிறுத்தார்கள். அறுநூறு கிராம் மட்டும் கழிந்தது. மழைக்கு ஒன்றும் கழியவில்லை, கழிக்கக் கணக்கப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

அக்கா தராசுக்குப் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். வலியில் உதட்டைக் கடித்தார். அடுத்த பெண் தன் கொழுந்தைப் படங்கில் கொட்டினாள்.

"நீயுமா?" என்றார் கணக்கப்பிள்ளை களைத்துப்போய். "இன்னும் எத்தன பேரு இப்பிடி?"

"பின்னால பாருங்கய்யா" என்றார் பரமேஸ்வரியக்கா.

மடுவத்திலிருந்து பாதை வரைக்கும் பெண்கள் மழையில் நின்றார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் படங்கில் கொட்டிய கொழுந்து, எல்லோர் கையிலும் வெறும் சாக்கு.